எந்தப் பள்ளியில் சேர்க்கலாம், டீச்சர்? – ஒரு சிறு வரலாறு



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். "இன்னும் ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவள்தானே நான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் மனைவியோடும் நான்கு வயது மகளோடும் வீட்டுக்கு வந்திருந்தான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. எங்கள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. காபி குடித்து முடித்ததும் பையிலிருந்து நான்கு வண்ணப் புத்தகங்களை எடுத்து என் முன்னால் வைத்தான். நான்கும் சென்னையில் உள்ள பள்ளிகளின் விளக்கப் புத்தகங்கள்.

"பாப்பாவை எதுல சேர்க்கலாம்னு நீங்கதான் சொல்லணும் டீச்சர். மறைமலைநகர் பக்கம் அப்பா வாங்கிப்போட்ட மனை ஒண்ணு இருக்கு. அதை வித்துட்டா பத்தாவது வரைக்கும் கவலையில்லை."

நான்காவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கட்டண விவரம் இருந்தது. நான் பணியில் சேர்ந்து முதல் பத்து ஆண்டுகளில் வாங்கிய மொத்தச் சம்பளத்தைக் கூட்டினாலும் அந்த ஓராண்டுக் கட்டணத்துக்கு வராது. உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒரு வாரம் டைம் குடுப்பா" என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வாரத்தில் படித்ததையும், ஏற்கெனவே தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். அவனுக்காக மட்டும் இல்லை. உங்களில் பலர் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்.

*

முதலில் ஒரு பழைய கதை.

1789-ல் எழும்பூரில் ஒரு ராணுவ ஆதரவற்றோர் விடுதிப் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பொறுப்பேற்றார். ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் போதவில்லை. இருந்தவர்களுக்கும் அக்கறை போதவில்லை. ஒரு நாள் அவர் நம் ஊர்த் திண்ணைப் பள்ளி ஒன்றைப் பார்க்கிறார். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். காகிதச் செலவில்லை, தவறினால் கையால் கலைத்துவிடலாம். இதைத் தம் பள்ளியில் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். அவர் எட்டு வயது மாணவன் ஒருவனையே சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக்கினார். நம் சட்டாம்பிள்ளை முறைதான்!

பெல் ஊர் திரும்பி, 1797-ல் லண்டனில் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வந்தது. இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் ஆயிரக்கணக்கில் அந்த முறையில் நடந்தன. அவர் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1833-ல் திறந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

பெருமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த முறை சீமைக்குப் போய் என்ன ஆயிற்று என்பதும் பாடம். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் போதும், செலவு குறைவு என்பதுதான் அங்கே அதன் பெரிய கவர்ச்சி. போகப்போக அது வெறும் ஒப்பிக்கும் இயந்திரமாகிவிட்டது என்று விமர்சனம் வந்து, வழக்கொழிந்தது. திண்ணையில் இருந்தது பத்திருபது பிள்ளைகள். அங்கே இருந்தது ஒரு பெரிய கூடம். முறை ஒன்றுதான், இடமும் தேவையும் வேறு.

இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாடத்திட்டமும் யாரோ ஒருவருடைய வீட்டுத் தேவைக்காகப் பிறந்தது. அந்தத் தேவை நம் வீட்டிலும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

*

சென்னையின் பாடத்திட்டங்களை இப்படி வரிசையாகப் பார்க்கலாம்.

1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. அதில் நுழைய ஒரு தேர்வு வேண்டும். அதுதான் மெட்ரிகுலேஷன். அதாவது, கல்லூரிக்கும் அதன் வழியாக அரசாங்க உத்தியோகத்துக்கும் போகிற வீடுகளுக்கான வாசல்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1858-ல், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பள்ளிகளுக்கான தேர்வுக் குழுவைத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அந்தத் தேர்வு கடல் கடந்தது. இந்தியாவில் ஆங்கிலோ இந்தியப் பள்ளிகளிலும் மலைவாசஸ்தலப் பள்ளிகளிலும் 'சீனியர் கேம்பிரிட்ஜ்' எழுதினார்கள். விடைத்தாள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்த் திருத்தப்பட்டு வரும். தகப்பனாருக்கு ரயில்வேயிலோ ராணுவத்திலோ வேலை. இன்று இந்த ஊர், நாளை வேறு ஊர். எங்கே போனாலும் ஒரே தேர்வு, ஒரே சான்றிதழ். அது அவர்களுடைய தேவை. சுதந்திரத்துக்குப் பிறகு அந்தத் தேர்வை நம் நாட்டுக்கு ஏற்றபடி மாற்ற 1958-ல் ஒரு கவுன்சில் அமைந்தது. இன்று நாம் ஐசிஎஸ்இ என்று சொல்வது அந்த வழியில் வந்ததுதான்.

ஆக, "கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் புதுசா வந்திருக்கு" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். அது நம் ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறது. திரும்பி வந்தபோது பெயர் ஐஜிசிஎஸ்இ. 1988-ல் அந்தப் பெயரில் தேர்வுகள் நடக்கத் தொடங்கின.

ஐபி கதை வேறு. முதல் உலகப் போருக்குப் பின் ஜெனீவாவில் சர்வதேச சங்கமும் தொழிலாளர் அமைப்பும் வந்தன. அங்கே வேலைக்கு வந்த பல நாட்டு அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக 1924-ல் ஜெனீவா சர்வதேசப் பள்ளி தொடங்கியது. பிள்ளைகள் ஒன்றாகப் படித்தார்கள். ஆனால் மேல் வகுப்பு வந்தால் பிரிய வேண்டும். பிரான்சுக்குப் போகிறவனுக்கு ஒரு தேர்வு, இங்கிலாந்துக்குப் போகிறவனுக்கு இன்னொன்று, அமெரிக்காவுக்கு மற்றொன்று. இந்தத் தலைவலியைத் தீர்க்க எல்லா நாடும் ஏற்கும் ஒரே சான்றிதழ் வேண்டும் என்று யோசித்து, 1968-ல் ஐபி அமைப்பைத் தொடங்கினார்கள். இரண்டு பெரும் போர்களைப் பார்த்த ஊர்க்காரர்கள் என்பதால், பிற நாட்டாரைப் புரிந்துகொள்ளும் பிள்ளைகள் வளர வேண்டும் என்ற நோக்கமும் அதில் உண்டு. அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன்.

இந்தியாவில் ஐபியை முதலில் எடுத்தது நம் மாநிலத்துப் பள்ளிதான். 1901-ல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகக் கொடைக்கானலில் தொடங்கிய பள்ளி, பின்னாளில் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் ஆகி, 1976-ல் ஐபி அனுமதி பெற்றது. நம் பக்கத்துப் புதுச்சேரியில் 1826 முதல் பிரெஞ்சுப் பள்ளியே நடக்கிறது. ஆக, வெளிநாட்டுப் பாடம் நமக்கு அதிசயம் இல்லை.

சென்னைக்கு இது எப்போது பெரிதாக வந்தது? 1991-க்குப் பிறகு வெளிநாட்டு முதலீடு வந்தது. மறைமலைநகரில் ஃபோர்டு கார் தொழிற்சாலை, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். அந்த அதிகாரிகள் குடும்பத்தோடு வந்தார்கள். 1995-ல் சென்னையில் அமெரிக்கன் இன்டர்நேஷனல் ஸ்கூல் தொடங்கியது. மூன்று வருடம் இங்கே, அடுத்த மூன்று வருடம் வேறு நாட்டில் என்று வாழும் வீடுகளுக்கு அது தேவை. 2000-க்குப் பிறகு பழைய மகாபலிபுரம் சாலையும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் வளர வளர, ஊர் மாறாத நம் வீட்டுப் பிள்ளைகளுக்காகவும் கேம்பிரிட்ஜ், ஐபி பள்ளிகள் பெருகின.

என் மாணவனின் அப்பா அந்த மனையை வாங்கியதே கார் கம்பெனி வந்த நேரத்தில்தான். கம்பெனியால் ஏறிய மனை, கம்பெனி அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக வந்த படிப்புக்கே போகப் பார்க்கிறது. வரலாறு எங்கோ புத்தகத்தில் நடப்பதில்லை என்று இதற்குத்தான் அப்போதே சொன்னேன்!

இதற்கிடையே நம் மாநிலத்தில் நடந்ததும் தெரிய வேண்டும். 1978-ல் மெட்ரிக் பள்ளிகள் பல்கலைக்கழகங்களின் கையிலிருந்து மாநில அரசின் கீழ் வந்தன. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு வகை. ஒரே தெருவில் நான்கு வகைப் பிள்ளைகள். இது நியாயமில்லை என்று 2010-ல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. ஆட்சி மாறியதும் நிறுத்தப்பட்டது. 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் உடனே நடைமுறைப்படுத்தச் சொன்னது. பள்ளி திறந்து இரண்டு மாதம் புத்தகம் இல்லாமல் நாங்கள் வகுப்பு எடுத்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். நான்கு ஒன்றானது. ஆனால் பல மெட்ரிக் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறின, வசதி உள்ள வீடுகள் இன்னும் மேலே ஏறின. ஒரு தெருவில் மறுபடியும் நான்கு வகைப் பிள்ளைகள்.

*

இனி அந்த நான்கு புத்தகங்களுக்கு வருகிறேன். பள்ளிகளின் பெயர் வேண்டாம். வகையைச் சொல்கிறேன்.

முதல் பள்ளி முழுக்க கேம்பிரிட்ஜ். 9, 10 வகுப்புகளில் ஐஜிசிஎஸ்இ, 11, 12-ல் ஏ லெவல். இங்கே பாடம் பாடமாகத் தேர்வு. ஏ லெவலில் மூன்று நான்கு பாடங்களை மட்டும் எடுத்து ஆழமாகப் படிக்கலாம். தனக்கு என்ன வேண்டும் என்று சீக்கிரமே தெரிந்த பிள்ளைக்கு நல்லது. நம் ஊர்க் கல்லூரிச் சேர்க்கைக்குத் தோதாக மார்ச் மாதத் தேர்வும் உண்டு.

இரண்டாவது பள்ளி, சிறு வகுப்பிலிருந்து 12 வரை ஐபி. கடைசி இரண்டு ஆண்டு டிப்ளமோவில் ஆறு பாடம். தாய்மொழி இலக்கியம், இன்னொரு மொழி, சமூகவியல், அறிவியல், கணிதம், கலை என்று பல பக்கமும் தொட வேண்டும். பாடத்துக்கு 7 வீதம் 42. இதோடு 4,000 சொல் வரை ஓர் ஆய்வுக் கட்டுரை, 'அறிவு என்றால் என்ன' என்று யோசிக்கும் ஒரு வகுப்பு. அவற்றுக்கு 3 புள்ளி. ஆக மொத்தம் 45. சமூகத் தொண்டும் கட்டாயம். பரந்த படிப்பு, உழைப்பும் அதிகம்.

மூன்றாவது பள்ளி 10 வரை கேம்பிரிட்ஜ், பிறகு ஐபி. இந்தக் கலப்பு நிறைய இடங்களில் உண்டு, தவறில்லை.

நான்காவது பள்ளிதான் கட்டணத்தில் முதல் இடம். பெயரில் 'இன்டர்நேஷனல்' இருக்கிறது. உள்ளே பொடி எழுத்தைப் படித்தால் பாடத்திட்டம் சிபிஎஸ்இ! சிபிஎஸ்இ நல்ல பாடத்திட்டம்தான். ஆனால் பெயர்ப் பலகைக்குக் காசு கொடுக்கக் கூடாது. ஐபி என்று சொல்லும் பள்ளி முழு அனுமதி பெற்றதா, விண்ணப்பித்துக் காத்திருக்கும் நிலையில் உள்ளதா என்பதையும் கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

டாக்டர் கனவு இருக்கும் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. மருத்துவத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். ஐபியின் வழக்கமான ஆறு பாட அமைப்பில் மூன்று அறிவியல் எளிதில் அடங்காது. நீட் கேள்விகள் என்சிஇஆர்டி புத்தகத்தை ஒட்டியவை. ஐபி தேர்வு நடப்பதும் மே, நீட் நடப்பதும் பெரும்பாலும் மே. ஐபி டிப்ளமோவுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் 1983 முதல் அங்கீகாரம் தருகிறது என்பது உண்மை. ஆனால் அங்கீகாரம் வேறு, நுழைவுத் தேர்வில் நிற்பது வேறு. வெளிநாட்டில்தான் கல்லூரி என்று முடிவெடுத்த வீட்டுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை.

நான்கு புத்தகத்திலும் 'பிள்ளைகள் தாங்களே செய்து கற்கிறார்கள்' என்று படம் போட்டிருந்தது. மாணவனின் மனைவிக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருந்தது. நான் எங்கள் பள்ளியின் பழைய புகைப்படம் ஒன்றை எடுத்துக் காட்டினேன். செயல்வழிக் கற்றல் வகுப்பு. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-ல் மாநிலம் முழுக்க வந்த முறை. அட்டைகள், குழுக்கள், பிள்ளைகளின் கைக்கு எட்டும் தாழ்ந்த கரும்பலகை, தரையில் பாயில் அவர்களோடு உட்கார்ந்திருக்கும் நான். முட்டி வலியோடு உட்கார்ந்தேன், ஆனால் பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். அந்த முறை எல்லாப் பள்ளியிலும் அதே உயிரோடு நடந்தது என்று சொல்ல மாட்டேன். நாற்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்றால் எந்த முறையும் மூச்சு வாங்கும். அது ஆண்ட்ரூ பெல் காலத்துப் பாடம். ஆக, நீங்கள் அந்தக் கட்டணத்தில் முக்கியமாக வாங்குவது குறைந்த பிள்ளைகள், நிலையான ஆசிரியர்கள். அது உண்மையில் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

*

இப்போது என் கதை. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ்வழியில் பாடம் எடுத்த நான், என் மகளை நான் வேலை பார்த்த பள்ளியில் சேர்க்கவில்லை. மெட்ரிக்கில் சேர்த்தேன். உங்கள் பெற்றோர்கள் அதைக் கவனித்திருப்பார்கள், யாரும் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. மேல் வகுப்பில் மதிப்பெண் அள்ளலாம் என்று அவள் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்தபோது நானே கையெழுத்துப் போட்டேன். அவள் நன்றாக இருக்கிறாள், நல்ல வேலை. அதில் குறையில்லை. ஆனால் இந்தப் பதிவை அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். என் பேரனால் படிக்கவே முடியாது. அவன் அம்மா படித்துச் சொல்ல வேண்டும். நான் எழுதும் பிறந்தநாள் வாழ்த்தைக் கூட இப்போது குரல் பதிவாகத்தான் அனுப்புகிறேன்.

இதற்குச் சர்வதேசப் பாடத்திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. ஐபி தாய்மொழி இலக்கியத்துக்கு இடம் வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் கேம்பிரிட்ஜ் பெயர் தாங்கிய சான்றிதழிலேயே தமிழ் ஒரு பாடம். தமிழை விட்டது பாடத்திட்டம் இல்லை. விட்டது நான்.

ஆகவே, மாணவனிடம் 'இதில் சேர், அதில் சேராதே' என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. மூன்று கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

1. இந்தப் படிப்பு யாருடைய தேவைக்காக வந்தது, அந்தத் தேவை உங்கள் வீட்டில் இருக்கிறதா? நாடு மாறுகிறீர்களா, பிள்ளையை வெளிநாட்டுக் கல்லூரிக்கு அனுப்பும் எண்ணமும் வசதியும் உண்டா?

2. ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? போன வருடம் பாடம் எடுத்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் இருக்கிறார்கள்?

3. தமிழ் எத்தனையாம் வகுப்பு வரை, வாரத்துக்கு எத்தனை பீரியடு? அதைச் சொல்லிக்கொடுப்பவரின் பெயர் என்ன?

நேற்று இரவு போன் செய்தான். மூன்று பள்ளிகளுக்கு நேரில் போய்க் கேட்டிருக்கிறான். இரண்டாவது கேள்விக்கு ஒரு பள்ளியில் பேச்சை மாற்றிவிட்டார்களாம். மூன்றாவது கேள்விக்கு இன்னொரு பள்ளியில் தமிழாசிரியையையே அழைத்து உட்கார வைத்துப் பேச விட்டார்களாம்.

"மனையை என்னப்பா செய்யப் போற?" என்றேன்.

"இப்போதைக்கு விக்கல டீச்சர். கட்டணம் கம்மியான ஸ்கூல் ஒண்ணு இருக்கு, அதையும் போய்ப் பார்க்கலாம்னு இவங்க சொல்றாங்க. எங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற கவர்ன்மென்ட் ஸ்கூலையும் ஒரு தடவை பார்க்கணும்."

எதை முடிவு செய்வான் என்று எனக்குத் தெரியாது. எதை முடிவு செய்தாலும் அந்தக் குழந்தை நன்றாக வருவாள். அன்றைக்கு நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, அவள் வாசலில் கோலமாவு டப்பாவைக் கவிழ்த்துவிட்டு விரலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா அதட்டப் போனாள். விடும்மா, நான் பெருக்கிக்கறேன் என்றேன்.

என் மாணவர்களே, உங்கள் பிள்ளைகளை எங்கே சேர்த்திருக்கிறீர்கள், அந்தப் பள்ளியில் உங்களுக்கு எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். புதிதாகத் தேடும் பெற்றோருக்கு உதவும். ஆண்டிலோ பெயரிலோ நான் தவறியிருந்தால் திருத்துங்கள். டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்